மாப்பிள்ளைக்குக் கட்டணம் இல்லை

குத்தூசி தோலுக்குள் இறங்கி மறுபக்கம் மூக்கை நீட்டியது. இரண்டு ஊசி, ஒரே நூல். ஒரு கையின் ஊசி உள்ளே போக, மறு கையின் ஊசி அதே ஓட்டை வழியாக எதிரே வந்தது. பிறகு இரண்டு கைகளும் சேர்ந்து அகல விரிந்தன. மெழுகு தேய்த்த நூல் சர்ரென்று ஓடி நின்றது. அங்குலத்துக்கு ஏழு தையல். ஆறு போட்டால் குதிரைக்குட்டி ஒரு உதறு உதறும்போது பிரிந்துவிடும். எட்டு போட்டால் ஓட்டைகள் நெருங்கித் தோலே கிழியும். கைகளுக்கு இது தெரியும். யாரும் எண்ணிச் சொல்லாமலே அவை போய்க்கொண்டிருந்தன.

அது ஒரு பழைய தலைவார். குதிரையைக் கயிற்றில் பிடித்து நடத்துவதற்காக அதன் தலையில் மாட்டும் தோல் வார். முப்பது வருஷத்துத் தோல்; எண்ணெய் குடித்துக் குடித்து வெல்லப் பாகு நிறத்துக்கு வந்திருந்தது. வளர்ந்த பெட்டைக் குதிரை ஒன்றுக்காகத் தைத்ததை இப்போது ஆறு மாதக் குட்டிக்காகக் குறுக்கிக்கொண்டிருந்தாள் அக்கா. கன்னத்து வாரில் நான்கு விரற்கடை வெட்டியாயிற்று. அந்த இடத்தில் பதித்திருந்த பித்தளைத் தகடு மேசை மேல் கிடந்தது. அதில் ஒரு குதிரையின் பெயரும், அது ஜெயித்த ஐந்து பந்தயங்களின் வருஷங்களும் வெட்டியிருந்தன.

"அந்தத் தகட்டை என்ன பண்ணப் போற?" என்று வாசலில் நின்றபடி தம்பி கேட்டான்.

"பின்பக்க கேட்டுக் கீல் ஆடுது. அடியில வெச்சு ஆணி அடிச்சா நிக்கும்."

"அப்பா பார்த்தார்னா உன்னை உரிச்சுடுவார்."

"அப்பா இருந்தா கேட் ஆடியிருக்காது."

தம்பி சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. கோபமும் இல்லை. நூலை இழுத்தாள். குட்டியைக் கொண்டுபோகச் சவாரிப் பள்ளிக்காரி பதினொரு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தாள். இப்போது ஒன்பதரை.

அவளுக்கு வயது ஐம்பத்து மூன்று. தம்பிக்கு அக்கா என்பதால் லாடக்காரருக்கும் அக்கா, டாக்டருக்கும் அக்கா, அவளைவிடப் பத்து வயது மூத்த லாரிக்காரருக்கும் அக்கா. பள்ளிக்கூடத்தைப் பத்தாம் வகுப்போடு நிறுத்திவிட்டு அப்பாவோடு குதிரைப் பண்ணைக்குள் வந்தவள், பிறகு வெளியே போகவே இல்லை. அட்டை கிழிந்த ஒரு கால்நடை மருத்துவப் புத்தகத்தையும் அப்பாவின் முப்பது டைரிகளையும் திரும்பத் திரும்பப் படித்துத்தான் தொழிலைக் கற்றாள். நடுவில் ஒரு கல்யாணமும் நடந்தது. கட்டிக்கொண்டவர் ஏழு வருஷம் இருந்துவிட்டு, தலையணையில்கூடக் குதிரை வாடை வருகிறது என்று டவுனுக்குப் போய்விட்டார். சண்டை ஒன்றும் இல்லை. அவர் துணிகளை அவள்தான் மடித்துப் பெட்டியில் வைத்துக் கொடுத்தாள்.

பண்ணையின் வேலை ஒன்றே ஒன்று. பந்தயக் குலத்துப் பெட்டைக் குதிரைகளை வைத்துக்கொள்வது, அவற்றைப் பெரிய பண்ணைகளில் இருக்கும் பேர்போன பொலிகுதிரைகளிடம் கட்டணம் கொடுத்துச் சேர்ப்பது, பிறக்கும் குட்டியை ஒன்றரை வயது வரை வளர்த்து ஏலத்தில் விற்பது. அப்பா காலத்தில் பதினொரு பெட்டைகள் இருந்தன. அப்பா போகும்போது ஆறு.

அப்பா எல்லாவற்றையும் உலர்புல் கட்டில்தான் எண்ணுவார். காசின் விலை மாறிக்கொண்டே இருக்கும், குதிரை தின்பது மாறாது என்பது அவர் கட்சி. ஒரு பெட்டை இரண்டு நாளைக்கு ஒரு கட்டுப் புல் தின்னும். ஓட்ஸ், லாடம், ஊசி, பூச்சிமருந்து எல்லாவற்றையும் கட்டாக மாற்றிப் போட்டால் வருஷத்துக்கு ஒரு பெட்டைக்கு முன்னூறு கட்டு. இந்தப் பழக்கம் அவளுக்கும் ஒட்டிக்கொண்டது. கடையில் செருப்பு வாங்கினாலும் "எட்டுக் கட்டு சொல்றான்" என்பாள்.

இரண்டு வருஷத்துக்கு முந்தைய ஏலத்தில்தான் எல்லாம் தொடங்கியது. மூன்று குட்டிகளைக் கொண்டுபோனார்கள். ஒன்று ஆயிரத்து நூறு கட்டுக்குப் போனது. ஒன்று நானூற்று இருபதுக்கு. மூன்றாவது, செவலை என்ற பெட்டை போட்ட ஆண்குட்டி. செவலைதான் பண்ணையின் நகை; பித்தளைத் தகட்டில் பெயர் இருந்த குதிரையின் மகள். ஏலம் போடுபவர் விலை கேட்டார். யாரும் கை தூக்கவில்லை. பாதி விலை கேட்டார். முன்வரிசையில் ஒருவர் கையைத் தூக்கினார், தலையைச் சொறிந்துகொண்டார், கீழே போட்டார். குட்டி வட்டத்தை இன்னும் இரண்டு சுற்று சுற்றிவிட்டு வெளியே வந்தது.

அதே லாரியில் அதைத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். வழியில் தம்பி ஜன்னல் பக்கம் பார்த்தபடி கேட்டான்.

"அழறியாக்கா?"

"இல்ல. கழுத்து வலிக்குது."

உண்மையைத்தான் சொன்னாள். குட்டி வட்டத்துக்குள் சுற்றிக்கொண்டிருந்தபோது மனசில் என்ன எழுகிறது என்று காத்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் எழவில்லை. பல் பிடுங்கப் போட்ட ஊசி மாதிரி அந்தப் பக்கமே காணவில்லை. வீட்டுக்கு வந்து குட்டிக்குத் தண்ணீர் வைத்தாள், கால்களைத் தடவிப் பார்த்தாள், டைரியில் "திரும்பி வந்தது" என்று எழுதினாள். ஊசியின் மரமரப்பு சாயங்காலத்துக்குள் போய்விடும். இது போகவில்லை.

தம்பி டவுனில் டயர் கடை வைத்திருந்தான். நிலத்தில் பாதி அவனுடையது. மூன்று வருஷமாகக் குதிரைகள் தின்ற புல்லில் ஒரு பங்கு டயர்க் காசு. அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்து சமையலறை மேசையில் உட்கார்ந்தான்.

"அக்கா, குதிரைக்கு ஒரு தாள் போடு. ஒவ்வொண்ணும் எவ்வளவு தின்னுது, எவ்வளவு தருதுன்னு. எந்தத் தாள் கையைக் கடிக்குதோ அது இங்க இருக்கக் கூடாது. ரெண்டு வருஷம் டைம். அதுக்கு மேல என்னால முடியாது. பெண்டாட்டி கேட்கற கேள்விக்கு என்கிட்ட பதில் இல்ல."

"சரி."

"சண்டை போடுவன்னு நினைச்சேன்."

"நீ கேட்டது நியாயம்தானே."

ஆறு தாள் போட்டாள். அவள் போட்டால் முடிந்தவரை சரியாக இருக்கும். பெட்டையின் வருஷச் செலவு முன்னூறு. பொலிகுதிரைக் கட்டணம் முன்னூற்றைம்பது. குட்டி பிறந்து எழுந்து நின்று பால் குடித்தால்தான் அதைக் கொடுக்க வேண்டும். குட்டியை ஏலம் வரை வளர்க்க இருநூற்றைம்பது. இதுவரை எல்லாரும் போடுகிற கணக்குத்தான். இதற்கு மேல் யாரும் போடாத ஒரு வரியை அவள் போட்டாள். நாலு பெட்டையைச் சேர்த்தால் மூன்றுதான் குட்டி தரும். நாலாவது வெறும் வயிற்றோடு வருஷம் முழுக்கத் தின்னும். அந்த முன்னூறை மூன்றாகப் பிரித்து மற்ற மூன்றின் தலையில் கட்டினாள். ஒரு குட்டிக்கு ஆயிரம் கட்டு.

"ஏலத்துல வந்தது சராசரி ஐநூறு," என்றாள்.

தம்பி தாள்களை விசிறி மாதிரி பிடித்துக்கொண்டு பார்த்தான். "அப்ப ஒவ்வொரு குட்டிக்கும் ஐநூறு கட்டு கூட வெச்சு அனுப்பறோம். மகளைக் கட்டிக் கொடுத்தாக்கூட இவ்வளவு ஆகாது." மறுபடி புரட்டினான். "உன் கூலியை எங்கயுமே போடலியே?"

"போட்டா ஆறும் லாரிலதான் போகணும். ஏழாவதா நானும்."

மூன்று பெட்டைகளைக் கிடைத்த விலைக்குத் தள்ளினார்கள். திரும்பி வந்த ஆண்குட்டியைப் பந்தயம் பழக்குகிறவர் ஒருவர் நூற்றைம்பது கட்டுக்கு வாங்கிக்கொண்டு போனார். செவலையையும் கருப்பியையும் அந்தப் பருவத்துக்குப் பொலிகுதிரையிடம் அனுப்புவது என்று முடிவாயிற்று. மிச்சம் இருந்தது பெரியம்மா.

பெரியம்மாவுக்குப் பதினேழு வயது. வெள்ளையும் சாம்பலும் கலந்த உடம்பு, தொங்கிய கீழுதடு. எந்தக் குதிரைக்கும் வழிவிட மாட்டாள். தொட்டியில் அவள் குடித்து முடித்த பிறகுதான் மற்றவர்கள். இரண்டு பருவம் நல்ல பொலிகுதிரைகளிடம் அனுப்பியும் சினை பிடிக்கவில்லை. வாங்க ஆள் கிடையாது. லாரிக்காரர் மட்டும் அறுபது கட்டு கொடுப்பார். எடை போட்டு வாங்குகிறவர் அவர். எங்கே கொண்டுபோகிறார் என்று யாரும் கேட்பதில்லை, அவரும் சொல்வதில்லை.

ஒரு வேலையில் மட்டும் பெரியம்மாவை மிஞ்ச ஆள் இல்லை. குட்டிகளைத் தாயிடமிருந்து பிரிக்கும் வாரத்தில் பெரியம்மாவைக் குட்டிகளின் நடுவில் விட்டால் போதும். கத்திக்கொண்டு வேலியில் மோதுகிற குட்டிகள் அவள் விலாப் பக்கம் வந்து ஒட்டிக்கொள்ளும். மூன்றாம் நாள் மேய ஆரம்பித்துவிடும். தாளில் இதற்கு ஒரு கட்டம் போட அக்கா ஸ்கேலை எடுத்தாள். எத்தனை கட்டு என்று எழுதுவது? ஸ்கேலை மறுபடி டிராயரில் வைத்தாள். பிறகு பெரியம்மாவின் தாளில் எழுதினாள்: "குட்டிகளைப் பிரிக்கும் வரை இருக்கட்டும். பிறகு லாரி." எழுத்து கோணவில்லை. தாளைக் காயவைத்து, மடித்து, மற்றவற்றோடு வைத்தாள்.

இங்கே மாப்பிள்ளையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பந்தயக் குலத்துக்குச் சம்பந்தமே இல்லாத கட்டை குட்டையான ஆண்குதிரை, மண் நிறம், பீப்பாய் வயிறு. பெட்டை பருவத்துக்கு வந்துவிட்டதா என்று பார்ப்பதற்காக மட்டும் இப்படி ஒரு குதிரையை எல்லாப் பண்ணைகளிலும் வைத்திருப்பார்கள். நடுவில் மெத்தை வைத்துத் தைத்த பலகைச் சுவர். இந்தப் பக்கம் பெட்டை, அந்தப் பக்கம் இவன். இவன் கனைத்துக் கழுத்தை நீட்டிக் கொஞ்சுவான். பெட்டை காதை மடக்கி உதைத்தால் நாள் ஆகவில்லை என்று அர்த்தம். வாலை ஒதுக்கி நின்றால் பெட்டையை உடனே லாரியில் ஏற்றிப் பெரிய பண்ணைக்கு அனுப்பிவிடுவார்கள். அத்தோடு இவன் வேலை முடிந்தது. வருஷா வருஷம் நாற்பது தடவை பெண் பார்த்து, ஒரு தடவைகூடக் கல்யாணம் ஆகாதவனுக்கு லாடக்காரர் வைத்த பெயர்தான் மாப்பிள்ளை.

"சின்ன ஆபரேஷன் ஒண்ணு பண்ணிடலாம்க்கா. வேலிதாண்டி எங்கயாவது போனாலும் பயமில்ல," என்று டாக்டர் ஒவ்வொரு வருஷமும் சொல்வார்.

"எவ்வளவு?"

"உங்க பாஷையில நாப்பத்தஞ்சு கட்டு."

"அடுத்த வருஷம் பார்க்கலாம்."

பருவம் தொடங்கியது. செவலையும் கருப்பியும் தினமும் காலையில் பலகைக்கு வந்தார்கள். பெரியம்மா பட்டியலில் இல்லாததால் அவளைப் பலகைக்குக் கொண்டுவரவில்லை. அவள் பருவத்தில் இருக்கிறாளா இல்லையா என்று யாரும் பார்க்கவில்லை. தனியாக விட்டால் மாப்பிள்ளை புல் தின்ன மாட்டான் என்பதற்காக, எப்போதும்போல அவனுடைய மேய்ச்சலுக்குப் பக்கத்து மேய்ச்சலில் காலாவதியான பெட்டையை விட்டு வைப்பது வழக்கம். இந்த வருஷம் அது பெரியம்மா.

ஒரு நாள் காலையில் அக்கா வாளியோடு போனபோது இரண்டும் ஒரே மேய்ச்சலில் நின்றன. தலைமாடு கால்மாடாக நின்று ஒன்றின் முகத்து ஈயை இன்னொன்று வாலால் ஓட்டிக்கொண்டிருந்தது. வேலியின் கீழ்க்கம்பி அவிழ்ந்து கிடந்தது. எத்தனை நாளாக என்று தெரியவில்லை. மூன்று நாளாக அவள் இன்னொரு பக்கம் கருப்பியின் காய்ச்சலோடு இருந்தாள். மாப்பிள்ளையை ஓட்டி அந்தப் பக்கம் விட்டாள். கம்பியை முறுக்கிக் கட்டினாள். டைரியில் எழுதினாள்: "வேலி கீழ்க்கம்பி அவிழ்ந்தது. கட்டியாச்சு."

அவ்வளவுதான் எழுதினாள். கம்பியைப் பற்றி எழுதியவள் பெட்டையைப் பற்றி எழுதவில்லை. குதிரை தெரியாதவன் யாராவது அதைப் பார்த்திருந்தால் உடனே கேட்டிருப்பான். முப்பத்தைந்து வருஷம் குதிரையோடு இருந்தவளுக்குத் தோன்றவில்லை. ஏனென்றால் அவளிடம் தாள் இருந்தது. முன்னூற்றைம்பது கட்டுப் பொலிகுதிரை இரண்டு பருவம் முயன்று நடக்காத காரியம். பெரியம்மா தாளில் மலடு.

ஐந்து மாதம் போயிற்று. கருப்பிக்குச் சினை நிற்கவில்லை. செவலைக்கு நின்றது. அந்த வருஷம் பிறந்த குட்டிகளைப் பெரியம்மாவை வைத்துப் பிரித்தாயிற்று. லாரிக்காரர் வந்தார். ஏற்றுவதற்கு முன் பயணத்துக்கு உடம்பு தாங்கும் என்று டாக்டர் கையெழுத்துப் போட வேண்டும். டாக்டர் இதயத்தைக் கேட்டார், பல்லைப் பார்த்தார், வயிற்றுப் பக்கம் கையை வைத்தவர் எடுக்கவில்லை. வண்டிக்குப் போய் நீளமான கையுறையை மாட்டிக்கொண்டு வந்தார். சுவரைப் பார்த்தபடி உள்ளே தடவிக்கொண்டிருந்தார்.

"அக்கா, இவளை யார்கிட்ட அனுப்பினீங்க?"

"யார்கிட்டயும் இல்ல."

"வயித்துல குட்டி இருக்கே."

தம்பி டீயைக் கீழே வைத்தான். அவன் முகத்தில் ஏலக் கூடத்து வெளிச்சம் வந்துவிட்டது. "எந்தப் பொலிகுதிரைக்கா? டைரியைப் பாரு. பெரிய இடமா?"

அவள் டைரியைக் கொண்டுவந்தாள். தேதியை டாக்டர் சொன்ன மாதத்தோடு வைத்துப் பார்த்தாள். அந்த ஒற்றை வரியின் மேல் விரலை வைத்தாள்.

"மாப்பிள்ளை," என்றாள்.

முதலில் சிரித்தது லாரிக்காரர்தான்.

"பெரியம்மாவுக்கும் மாப்பிள்ளைக்குமா? என்னக்கா குடும்பம் இது!"

"அவன் உயரத்துக்கு எப்படி எட்டினான்?" என்று தம்பி கேட்டான்.

"மேட்டுப் பக்கமா நின்னிருப்பான்," என்றார் டாக்டர். கையுறையை உருவிக்கொண்டே அவரும் குலுங்க ஆரம்பித்துவிட்டார். "இத்தனை வருஷம் ஆபரேஷன் ஆபரேஷன்னு தலையால அடிச்சுக்கிட்டேனே!"

அக்காவும் சிரிக்கத்தான் பார்த்தாள். வாய் கொஞ்சம் விரிந்தது, அதற்குமேல் போகவில்லை. மண்டைக்குள் ஏற்கெனவே வேறொன்று ஓடிக்கொண்டிருந்தது. இந்தக் குட்டிக்குக் குலப் பதிவு கிடையாது. பந்தயத்தில் ஓட முடியாது. ஏலத்தில் வாசலைக்கூடத் தாண்ட முடியாது. தாளில் வரவு சுழி.

"வயித்துப் பிள்ளைக்காரியை நான் ஏத்த மாட்டேன்க்கா," என்றார் லாரிக்காரர். "அது ஒண்ணுதான் நான் பண்றதில்ல. பெத்து, பால் மறந்தப்புறம் சொல்லி அனுப்புங்க. அதே அறுபது."

அன்று மாலை அவள் பெரியம்மாவுக்குப் புதுத் தாள் போட்டாள். வருஷச் செலவு முன்னூறு. குட்டியை ஆறு மாதம் வளர்க்க எண்பது. பொலிகுதிரைக் கட்டணம் என்ற இடத்தில் பேனா நின்றது. "இல்லை" என்று எழுதினாள். மொத்தம் முன்னூற்று எண்பது. அவள் போட்ட தாள்களிலேயே மிகச் சின்ன எண் அது. வரவுப் பக்கம் ஒன்றும் இல்லாததால் அதைப் பார்த்து எதுவும் தோன்றவில்லை.

முதலில் ஈன்றது செவலை; ஒரு பெண்குட்டி. பொலிகுதிரைக் கட்டணத்தைக் கொடுத்தார்கள். மூன்று மாதம் கழித்து ஒரு விடியற்காலையில் பெரியம்மா ஈன்றாள். அக்கா போவதற்குள் குட்டி பாதி வெளியே வந்திருந்தது. அவள் கால்களைப் பிடித்துக் கொஞ்சம் கீழ்நோக்கி இழுத்ததோடு சரி. மண் நிறம், நீளக் கால், அகல நெற்றி. பந்தயக் குதிரைகளுக்கெல்லாம் ஏட்டில் ஒரே பிறந்த நாள்தான். பருவக் கடைசியில் பிறக்கும் குட்டி அந்தக் கணக்கில் மாதக்கணக்காகப் பின்தங்கிப்போகும். இது பின்தங்கவில்லை. இதற்கு ஏடே இல்லை. நாற்பது நிமிஷத்தில் எழுந்து நின்றது, விழுந்தது, நின்றது. தாயின் மடியைத் தேடி அக்காவின் முழங்கையைச் சப்பியது. பந்தயக் குட்டிகள் மனிதக் கை பட்டால் துள்ளும். இது சப்பிக்கொண்டே இருந்தது. முழங்கையில் கதகதப்பு தெரிந்தது. அங்கே மட்டும்.

பெட்டை ஈன்ற ஒன்பதாம் நாள் சுமாருக்கு மறுபடி பருவத்துக்கு வரும். அந்த ஒன்பது நாளுக்குள் இரண்டு காரியம் நடந்தது. ஏலக் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது: வாங்குவோர் குறைந்துவிட்டதால் இந்த வருஷம் இரண்டாம் நாள் ஏலம் நடைபெறாது. இந்தப் பண்ணையின் குட்டிகள் என்றைக்கும் போனது இரண்டாம் நாளில்தான். ஆறாம் நாள் லாடக்காரர் வந்தார். கருப்பியின் குளம்பைச் சீவிக்கொண்டே அந்தக் குட்டியைக் கவனித்தார். அவருடைய வாளி உருண்டு சத்தம் போட்டபோது செவலையின் குட்டி நாலு கால் பாய்ச்சலில் ஓடியது. மாப்பிள்ளையின் குட்டி வாளியை முகர வந்தது.

"சவாரிப் பள்ளிக்காரம்மா மூணு வருஷமா என் உசிரை வாங்குது," என்றார். "பந்தயக் குதிரை வாங்கினா பிள்ளைங்க பறந்து போய் விழுது. கட்டைக் குதிரை வாங்கினா சாட்டையால அடிச்சாலும் நகர மாட்டேங்குது. நடுவுல ஒண்ணு வேணுமாம். இந்தப் பயலைச் சொல்லவா?"

"என்ன தருவாங்க?"

"அது தெரியாது. ஆனா கேட்பாங்க."

ஞாயிற்றுக்கிழமை தம்பி வந்தான். மேசை மேல் கடிதமும் தாள்களும் இருந்தன. இரண்டு வருஷ டைம் முடிய ஆறு மாதம்தான் இருந்தது. அவன் தாள்களை ஒவ்வொன்றாக வைத்தான். செவலையின் தாளில் கைவிட்டால் எலும்பு வரை கடித்தது. எந்தக் கணக்கைப் போட்டாலும் உதைக்காத தாள் ஒன்றுதான், பெரியம்மாவுடையது.

"நாலு கட்டணம் கொடுத்து நஷ்டப்பட்டதைவிட, வேலி அவிழ்ந்து வந்ததுல கம்மி நஷ்டம்," என்றான். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டான். "அக்கா, நான் சொல்லல. தாள்தான் சொல்லுது. செவலையை வெச்சுக்கறதா இருந்தா பெரியம்மா போகணும். பெரியம்மாவை வெச்சுக்கறதா இருந்தா..."

"தெரியுது."

"அப்பா இருந்தா என்ன பண்ணியிருப்பார்?"

"அப்பா தாளே போட்டிருக்க மாட்டார்."

முப்பது டைரிகள் அலமாரியில் இருந்தன. ஒவ்வொன்றிலும் எந்தப் பெட்டையை எந்தப் பொலிகுதிரையிடம் அனுப்பினார் என்று பச்சை மையில் எழுதியிருப்பார். நாலு தலைமுறை ரத்தத்தைப் பார்த்துப் பார்த்துச் சேர்த்த பொருத்தங்கள். அதன் கடைசி வரி செவலை. அக்கா அலமாரியைப் பார்த்தாள். நெஞ்சை அடைக்கும் என்று நினைத்தாள். அடைக்கவில்லை. கதவு சரியாகச் சாத்தவில்லை என்பது கண்ணில் பட்டது. எழுந்து போய்ச் சாத்தினாள்.

ஒன்பதாம் நாள் காலையில் பெரியம்மாவைக் குட்டியோடு மேய்ச்சலுக்குக் கொண்டுபோனாள். மாப்பிள்ளை வேலிக்கு அந்தப் பக்கம் கழுத்தை நீட்டிக் கனைத்தான். பெரியம்மா வாலை ஒதுக்கினாள். அக்கா குட்டியைக் கயிற்றில் பிடித்துக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டாள். முப்பத்தைந்து வருஷத்தில் இந்தக் கட்டத்துக்கு வந்ததும் அவள் கை தானாகப் பெட்டையை லாரிப் பக்கம் திருப்பும். இன்றைக்கும் திருப்பப் பார்த்தது. கையை நிறுத்தி, குனிந்து, அவளே முறுக்கிக் கட்டிய கம்பியை அவளே பிரித்தாள்.

பிறகு அறைக்கு வந்து, பொலி சேர்த்த பதிவேட்டில் பச்சை மையில் எழுதினாள். பெட்டை: பெரியம்மா. பொலி: மாப்பிள்ளை. கட்டணம்: இல்லை. மை காயும் வரை ஊதினாள்.

பதினாறாம் நாள் டாக்டர் வந்து கருவியை வைத்துப் பார்த்துவிட்டு, "நின்னிருக்கு," என்றார். கருப்பியையும் மாப்பிள்ளையோடு விட்டார்கள், அவளுக்கும் நின்றது. லாரிக்காரருக்கு அக்காவே போன் செய்தாள். "இப்போதைக்கு வர வேண்டாம்."

"மாப்பிள்ளை ஜெயிச்சுட்டானா?" என்று அந்தப் பக்கம் சிரிப்பு கேட்டது.

செவலையைக் குட்டியோடு பெரிய பண்ணை ஒன்று ஐநூறு கட்டுக்கு எடுத்துக்கொண்டது. பயணத்துக்காக அவள் நாலு கால்களுக்கும் பஞ்சு வைத்துத் துணி சுற்றியது அக்காதான். ஒரே இறுக்கம், ஒரே அகலம். லாரியின் பின்பலகையைத் தூக்கி மாட்டினார்கள். செவலை ஒரு தடவை கத்தினாள். வேறு குதிரை எதுவும் பதில் கொடுக்கவில்லை. பெரியம்மா தொட்டியில் குடித்துக்கொண்டிருந்தாள்.

குட்டிக்கு நாலு மாதம் ஆனபோது சவாரிப் பள்ளிக்காரி வந்தாள். குள்ளமான, வெயிலில் கறுத்த பெண். குட்டியின் பக்கத்தில் அரைமணி நேரம் தரையில் உட்கார்ந்திருந்தாள். அது வந்து அவள் தொப்பியைக் கடித்து இழுத்தது. எழுந்து புழுதியைத் தட்டிக்கொண்டு விலை கேட்டாள். அக்கா நானூற்றைம்பது கட்டைக் காசாக மாற்றிச் சொன்னாள். அவள் பேரம் பேசவில்லை. "அடுத்ததும் இதே குணமா இருந்தா எனக்குத்தான் முதல்ல சொல்லணும்," என்றாள்.

தாளில் வரவுப் பக்கத்தில் எழுதிவிட்டு அக்கா மிச்சத்தைப் பார்த்தாள். எழுபது கட்டு. தாள் போட ஆரம்பித்ததிலிருந்து முதல் மிச்சம்.

போன வாரம் குட்டியைத் தாயிடமிருந்து பிரித்தாள். பெரியம்மாவுக்குத் தன் குட்டியைப் பிரிக்கும்போது மட்டும் தன் வேலை செய்யக் கிடைக்கவில்லை. கருப்பிதான் துணைக்கு நின்றாள். பெரியம்மா ஒரு நாள் வேலியோரம் நடந்தாள். மறுநாள் மேய்ந்தாள்.

இப்போது கடைசித் தையல். நூலைத் திருப்பி இரண்டு ஓட்டை பின்னால் போட்டு இறுக்கி, ஒட்ட வெட்டினாள். சுத்தியலின் மழமழப்பான முனையால் தையலைத் தட்டிப் படிய வைத்தாள். பக்கிள் வாரில் மூன்று ஓட்டை குத்தினாள். தோலில் தகடு இருந்த இடம் மட்டும் வெளுத்து நீள்சதுரமாகத் தெரிந்தது. எண்ணெய்த் துணியால் துடைத்தாள், போகவில்லை. விட்டுவிட்டாள்.

பதினொரு மணிக்குச் சவாரிப் பள்ளிக்காரியின் வண்டி வந்தது. தம்பி பின்பலகையை இறக்கினான். குட்டியின் தலைக்கு வார் கச்சிதமாக உட்கார்ந்தது. கன்ன எலும்புக்கும் வாருக்கும் நடுவில் அக்காவின் இரண்டு விரல் போய் வந்தது. ஊசி போட்ட விவரமெல்லாம் எழுதிய காகிதத்தைக் கொடுத்தாள். சவாரிப் பள்ளிக்காரி படித்துக்கொண்டே வந்து ஓரிடத்தில் நின்றாள்.

"தகப்பன், மாப்பிள்ளைன்னு போட்டிருக்கே. இதுதான் பேரா?"

"அதுதான் பேர்."

"நல்லா இருக்கு."

"மூணு ஓட்டை போட்டிருக்கேன்," என்றாள் அக்கா. "இப்ப முதல் ஓட்டையில இருக்கு. ரெண்டு மாசத்துல ரெண்டாவதுக்கு மாத்துங்க. மூணாவது இறுக ஆரம்பிச்சா சொல்லி அனுப்புங்க, பெரிசாத் தைச்சுத் தர்றேன். ரெண்டு விரல் எப்பவும் உள்ள போகணும்."

"சரிக்கா."

கயிற்றை நீட்டினாள். சவாரிப் பள்ளிக்காரி வாங்கி, அவசரத்தில் கையைச் சுற்றிக்கொள்ளப் போனாள்.

"சுத்திக்காதீங்க. மடிச்சுப் பிடிங்க. இழுத்தா விரல் போயிடும்."

அவள் கயிற்றை மடித்துப் பிடித்தாள். சரியாகத்தான் பிடித்திருந்தாள். அக்கா தன் கையை எடுத்தாள்.